நத்தைக்கு நிறம் பார்த்த பெயின்டர்

என் சகலை வாயிலிருந்து 'வெள்ளை' என்ற சொல் தனியாக வந்து நான் கேட்டதில்லை. பால் வெள்ளை, சுண்ணாம்பு வெள்ளை, முட்டையோட்டு வெள்ளை, துவைத்துத் துவைத்து அலுத்துப்போன சட்டை வெள்ளை என்று முன்னால் ஏதாவது ஒன்று ஒட்டிக்கொண்டுதான் வரும். மோதி நசுங்கிய வண்டிகளுக்குப் பெயின்ட் அடிப்பது அவர் வேலை. நசுங்கலைத் தட்டி நிமிர்த்துவது என் வேலை. அக்கா தங்கையைக் கட்டியவர்கள் நாங்கள். அக்காவை நான், தங்கையை அவர். ஒரே பட்டறையில் இருபத்திரண்டு வருஷம். வீட்டுச் சண்டை பட்டறைக்கும் பட்டறைச் சண்டை வீட்டுக்கும் தெரியாமல் போனதே இல்லை.

தெருவில் அவருக்கு முக்காச்சொட்டு என்று பெயர். கலவையைக் குச்சியால் தொட்டுத் தகரத்தில் தடவி, வாசலுக்கு எடுத்துப்போய் வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்ப்பார். உள்ளே வந்து, "இன்னும் முக்காச் சொட்டு கறுப்பு விடணும்" என்பார். ஒரு சொட்டாகவே விட்டால் என்ன குடிமுழுகிவிடும் என்று கேட்டால், "ஒரு சொட்டு விடறதுக்கு நீங்களே போதுமே சகலை, நான் எதுக்கு?" என்பார். வேலை முடிந்து வண்டி வெளியே நிற்கும்போது, எந்தக் கதவு புதியது என்று சொந்தக்காரரே விரலால் தடவித் தேடுவார்.

அவர் வேலையில் ஒரு சூட்சுமம் உண்டு. வண்டி வந்ததும் முதலில் நம்பர் பிளேட்டைக் கழற்றச் சொல்வார். அதன் அடியில் வெயில் படாத இடம் கையகலம் இருக்கும். "ஒவ்வொரு வண்டிக்கும் ரெண்டு கலர் சகலை. கம்பெனி போட்டது ஒண்ணு, வெயில் போட்டது ஒண்ணு. ரெண்டையும் பார்க்காம குச்சியைக் கையில எடுக்கக் கூடாது." எங்கள் ஊர் வெயிலுக்கு அந்தப் பேச்சு பொருந்தும். எங்கள் தெரு ஊரின் கடைசித் தெரு. பட்டறை தெருவின் கடைசிப் பட்டறை. அப்புறம் ஒரு தகர வேலி. வேலிக்கு அந்தப் பக்கம் பாலைவனம். மணல்மேடெல்லாம் கிடையாது. சரளைக்கல், முள்புதர், எப்போதாவது தண்ணீர் ஓடும் ஒரு காய்ந்த ஓடை.

ஒருநாள் காலையில் கல்லூரி ஜீப் ஒன்று பின்கதவு குழிந்துபோய் வந்து நின்றது. ஓட்டிவந்த அம்மா விலங்கியல் பேராசிரியர். பாலைவனத்தில் பின்னால் எடுக்கும்போது பாறையில் இடித்துவிட்டாராம். கதவைத் திறந்தால் உள்ளே அட்டைப் பெட்டிகள். ஒவ்வொன்றிலும் சின்னச் சின்னக் கட்டங்கள். கட்டத்துக்கு ஒரு நத்தை. எல்லாம் வாயை மெல்லிய சவ்வால் மூடிக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தன. மழை வரும்வரை அப்படியேதான் தூங்குமாம். ஒரு வருஷமானாலும் சரி.

நான் பெட்டிகளை இறக்கிவைத்தேன். பேராசிரியர் ஒரு நத்தையைக் கையில் பிடித்தபடி போனில் மாணவனைக் காய்ச்சிக்கொண்டிருந்தார். "ஒரே நத்தை! நீ வெள்ளைன்னு எழுதியிருக்க, அவ கிரீம்னு எழுதியிருக்கா, எனக்கு மஞ்சளாத் தெரியுது. இப்படி ஆளுக்கு ஒண்ணு எழுதினா எதை நம்பி எண்ணுறது?"

சகலை கையைத் துணியில் துடைத்துக்கொண்டு பக்கத்தில் போனார். "தப்பா நினைக்காதீங்க மேடம். மூணு பேரும் பொய் சொல்லல. ஒருத்தர் ட்யூப்லைட்டுக்குக் கீழ பார்த்திருப்பாங்க, ஒருத்தர் ஜன்னல் பக்கம் பார்த்திருப்பாங்க. நீங்க எங்க மஞ்சள் தார்ப்பாய்க்குக் கீழ நிக்கிறீங்க."

பேராசிரியர் அண்ணாந்து பார்த்தார். தலைக்கு மேல் மஞ்சள் தார்ப்பாய் வெயிலில் தகதகவென்று இருந்தது. மூன்றடி தள்ளி வெளியே போய் நின்று, நத்தையை மறுபடி பார்த்தார். பிறகு போனை வைத்துவிட்டார்.

அன்று மாலை அவர் நாற்பது நத்தைகளை ஒரு தட்டில் வைத்து, வெளுப்பிலிருந்து கறுப்பு வரைக்கும் வரிசைப்படுத்தச் சொன்னார். சகலை வாசல்படியில் உட்கார்ந்து கால்மணி நேரத்தில் அடுக்கிவிட்டார். பேராசிரியர் வரிசையைக் குறித்துக்கொண்டார். ஒவ்வொன்றின் அடியிலும் பென்சிலால் பொடி எண் இருந்தது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. மறுநாள் கலைத்துக் கொண்டுவந்து, "இன்னொரு தடவை அடுக்குங்க" என்றார். சகலை அடுக்கிக்கொண்டே வந்தவர் ஒன்றைத் தனியாக எடுத்து ஓரம் வைத்தார்.

"இது நேத்து இல்ல மேடம்."

நான் அவரை முறைத்தேன். படித்த அம்மாவிடம் இப்படியா பேசுவது? பேராசிரியரோ வாய்விட்டுச் சிரித்தார். "இல்லதான். ஒண்ணை மட்டும் மாத்தி வெச்சேன். கண்டுபிடிக்கிறீங்களான்னு பார்க்கத்தான்."

இப்படித்தான் சகலை நத்தைக்காரர் ஆனார். முதல் வேலையாக ஒரு அளவுகோல் செய்தார். பழைய பானெட் ஒன்றிலிருந்து விரல் நீளத் தகரத் துண்டுகளை நான் வெட்டிக்கொடுத்தேன். அவற்றில் சுண்ணாம்பு வெள்ளையில் தொடங்கி ஈரமண் நிறம் வரைக்கும் பதினோரு நிறம் அடித்து, எண் போட்டு, வளையத்தில் கோத்தார். இனி யாரும் 'கிரீம்' என்று எழுத வேண்டாம். நத்தைக்குப் பக்கத்தில் தகரத்தைப் பிடி, எண்ணை எழுது.

வீட்டில் அவர் மனைவி, என் கொழுந்தியாள், தையல்காரி. வாயில் ஊசியைக் கவ்விக்கொண்டும் கேலி பேசுவாள்.

"வண்டிக்குப் பெயின்ட் அடிச்சது போதாதுன்னு இப்ப நத்தைக்கா? ஒரு நத்தை வந்து, என் வேலை எப்ப முடியும்னு கேட்டா என்ன சொல்வீங்க?"

"அது வந்து சேர்றதுக்குள்ள முடிச்சிருப்பேன்" என்றார் சகலை.

விடுமுறை நாட்களில் பாலைவனத்துக்குப் போக ஆரம்பித்தோம். ஜீப்பில் இடம் இருந்ததால் நானும் தொற்றிக்கொண்டேன். போகிற வழியில் பேராசிரியர் விஷயத்தைச் சொன்னார். ஒரே இனத்து நத்தைதான். ஆனால் ஒன்று வெள்ளை, ஒன்று பழுப்பு, ஒன்றுக்குக் கோடு. வெட்டவெளியில் வெள்ளை அதிகம். ஓடைப் புதர்களில் பழுப்பும் கோடு போட்டதும் அதிகம். வெள்ளை ஓடு வெயிலைத் திருப்பி அனுப்பிவிடும்; உள்ளே இருக்கும் உயிர் வேகாமல் தப்பிக்கும். புதருக்குள் வெயிலைவிடப் பறவைதான் எமன். அங்கே குச்சியும் நிழலுமாய்த் தெரியும் கோட்டு ஓடு கண்ணில் படாது. இந்த நிறம் தாய் தகப்பனிடமிருந்து வருவது, ஒவ்வோர் இடத்திலும் அந்த இடத்துக்கு ஏற்றது பிழைத்து நிற்கிறது என்பது அவர் கட்சி. மூன்று வருஷமாக நாலாயிரம் நத்தைக்கு மேல் எண்ணிவைத்திருந்தார்.

நான்காவது தடவை போனபோது அது நடந்தது. குளிர்காலத்து மழை பெய்து ஒரு மாதம் ஆகியிருந்தது. சகலை தொப்பையைச் சரளையில் அழுத்திக் குப்புறப் படுத்துக்கொண்டு ஒரு கல்லின் மேலிருந்த நத்தைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். எல்லாம் வெள்ளை. ஒன்றை எடுத்தார், புரட்டினார், வைத்தார். இன்னொன்றை எடுத்தார். நம்பர் பிளேட்டைக் கழற்றும்போது அவர் முகம் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது.

"மேடம், இது எந்தப் பக்கம் வளரும்?"

"வாய்ப் பக்கம்தான். மழை பெய்ஞ்சதும் ஓரத்துல கொஞ்சம் கொஞ்சமா ஓடு சேரும்."

"அப்ப வாயோரம் இருக்கிறது புதுசு. உச்சியில இருக்கிறது பழசு."

"ஆமா."

சகலை எழுந்து உட்கார்ந்து இரண்டு நத்தைகளை உள்ளங்கையில் கவிழ்த்துக் காட்டினார். மேலே இரண்டும் ஒரே வெள்ளை. அடியில், வாயோரத்துக்குச் சற்று உள்ளே, ஒன்று அதே வெள்ளை. மற்றதில் சுண்டுவிரல் நகம் அளவுக்கு நல்ல பழுப்பு.

"இது வெள்ளை. இது வெள்ளை இல்ல மேடம். வெளுத்தது."

பேராசிரியர் அதை வாங்கிக்கொண்டார். கல்லின் மேலிருந்த மற்றவற்றையும் ஒவ்வொன்றாக எடுத்துக் கவிழ்த்துப் பார்த்தார். நாங்கள் கொண்டுபோன டீ ஆறிப்போயிற்று. எனக்கே புரிந்துவிட்டது. வெட்டவெளியில் வெள்ளை என்று எண்ணியதில் எத்தனை பிறவி வெள்ளை, எத்தனை வெயிலில் வெளுத்த பழுப்பு? யாருக்கும் தெரியாது. பழுப்பு நத்தை வெளியில் கிடந்தால் வெளுக்கும், நிழலில் இருந்தால் பழுப்பாகவே இருக்கும் என்றால், மூன்று வருஷக் கணக்கும் வெயிலின் கைவேலையைத்தான் சொல்கிறதோ என்னவோ.

கூட வந்திருந்த மாணவனுக்கு முகம் சிவந்துவிட்டது. "ஒரு பெயின்டர் சொன்னார்னு மூணு வருஷ வேலையைத் தூக்கிப் போட முடியுமா மேடம்?"

பேராசிரியர் போய் ஜீப்பைக் கிளப்பினார். பட்டறையில் இறங்கியதும் சகலை என்னிடம், "வாயை வெச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருக்கலாம் சகலை" என்றார்.

"தப்பாச் சொல்லிட்டோமோன்னு தோணுதா?"

"இல்ல. சரியாச் சொல்லிட்டோமேன்னுதான்."

அப்புறம் ஏழு வாரம் அந்த அம்மாவிடமிருந்து ஒரு போன்கூட இல்லை. சகலை வேலை பார்த்தார், சாப்பிட்டார், ஆனால் கேலிக்குப் பதில் கேலி வரவில்லை. கொழுந்தியாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அந்த நத்தை இவர் வாயையும் சவ்வு போட்டு மூடிடுச்சா?" என்று கேட்டாள். சொல்லும்போது அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

எட்டாவது வாரம் பேராசிரியர் வந்தார். கையில் ஒரு பிஸ்கட் டப்பா. அதற்குள் முப்பது வெறும் ஓடுகள். எல்லாம் ஓடைப் புதரில் பொறுக்கிய பழுப்பு ஓடுகள். ஒவ்வொன்றிலும் பாதியை அலுமினியத் தாளால் சுற்றிக் கல்லூரி மொட்டைமாடியில் வெயிலில் போட்டு வைத்திருந்தாராம். தாளைப் பிரித்துக் காட்டினார். மூடிய பாதி பழுப்பு. திறந்த பாதி அதைவிட மூன்று தகரம் வெளுத்திருந்தது.

"ஏழு வாரத்துல இவ்வளவு. வருஷக்கணக்கா கிடந்தா?" என்றார். "நீங்க சொன்னது சரி. எனக்கு எரிச்சல் எரிச்சலா வருது, ஆனா சரி. மறுபடி முதல்ல இருந்து எண்ணப் போறேன். வருவீங்களா?"

என் சகலையை நான் மெச்சுவது ஒரு பங்கு என்றால் அந்த அம்மாவை மெச்சுவது இரண்டு பங்கு. மூன்று வருஷ உழைப்பை ஒரு டப்பாவைத் திறந்து காட்டித் தானே தள்ளிவைப்பதற்குப் பெரிய மனசு வேண்டும்.

இந்த முறை சகலை சொன்னபடி எண்ணினார்கள். உச்சியைப் பார்க்கக் கூடாது. அடிப்பக்கம், வாயோரத்துக்குச் சற்று உள்ளே, வெயில் படாத புது ஓட்டுப் பகுதியை மட்டும் பார்க்க வேண்டும். சுற்றியிருக்கும் நிறம் கண்ணை ஏமாற்றும் என்று அவர் சாம்பல் நிற அட்டையில் பட்டாணி அளவு துளை போட்டுக் கொடுத்தார். அந்தத் துளை வழியாக ஓடு மட்டும் தெரியும். பார்த்த நத்தையை எடுத்த கல்லிலேயே, எடுத்த குச்சியிலேயே திருப்பி வைக்க வேண்டும். இரண்டு மழைக்காலம், முப்பத்தொரு பயணம், ஆறாயிரத்துச் சொச்சம் நத்தை. அவர் பேன்ட்டுகளின் முட்டியெல்லாம் கிழிந்து, கொழுந்தியாள் ஒட்டுப்போட்டே சலித்தாள்.

கடைசியில் தெரிந்தது இது. வெட்டவெளியில் பத்துக்கு ஆறு பிறவி வெள்ளை. முன்பு பத்துக்கு ஒன்பது என்று நினைத்திருந்தார்கள். ஓடைப் புதரில் பத்துக்கு இரண்டுதான். ஆக, அந்த அம்மாவின் கட்சி பிழைத்தது, ஆனால் இளைத்துப்போய்ப் பிழைத்தது. இன்னொன்றும் கிடைத்தது. வெளியில் வாழும் பழுப்பு நத்தை வருஷம் ஆக ஆக வெளுத்து, வெள்ளைக்குக் கிடைக்கும் சலுகையில் கொஞ்சத்தைத் தானும் வாங்கிக்கொள்கிறது. அதற்குச் சிரமமான காலம் ஓடு இன்னும் வெளுக்காத இளம்பருவம்தான். அதனால்தானோ என்னவோ குட்டிப் பழுப்புகள் கல்லின் மேல் உட்காரவே இல்லை. எல்லாம் கல்லுக்கு அடியில் கிடந்தன. "நான் தேடின பதிலைவிட இது நல்லா இருக்கு" என்று பேராசிரியர் ஒருநாள் மண்ணில் சப்பணமிட்டு உட்கார்ந்துகொண்டு சொன்னார்.

கட்டுரையை அனுப்பியதும் ஒரு சிக்கல் வந்தது. படித்துப் பார்த்த வெளியூர் ஆராய்ச்சியாளர் ஒருவர், எல்லாம் ஒரே மனிதரின் கண்ணை நம்பி நிற்கிறதே என்று கேட்டாராம். கேட்டதோடு நிற்காமல் நிறம் அளக்கும் கருவி ஒன்றைத் தூக்கிக்கொண்டு அவரே வந்துவிட்டார். பட்டறை மேசையில் இருநூறு நத்தை. ஒரு பக்கம் கருவி, ஒரு பக்கம் சகலை. தெருவே வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்க்க வந்தது. எள் போட்டால் எள் விழாது.

இருநூறில் நூற்று எண்பத்தொன்பது ஒத்துப்போயின. பதினொன்று ஒத்துப்போகவில்லை. சகலை அந்தப் பதினொன்றையும் ஈரத்துணியால் துடைக்கச் சொன்னார். துடைத்து அளந்ததும் எட்டு அவர் பக்கம் வந்துவிட்டன; கருவி தூசியை அளந்திருந்தது. தெரு கைதட்டியது. வெளியூர்க்காரரும் சேர்ந்து தட்டினார்.

சகலை மட்டும் தட்டவில்லை. மிச்சம் மூன்றை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். மூன்றும் சுண்ணாம்பு வெள்ளை என்றது கருவி. மூன்றையும் ஒரு தகரம் மஞ்சளாகச் சொல்லியிருந்தார் அவர். திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு வலது கண்ணைப் பொத்திக்கொண்டு பார்த்தார். இடது கண்ணைப் பொத்திக்கொண்டு பார்த்தார். உள்ளே வந்து எல்லார் முன்னாலும் சொன்னார்.

"கருவி சரிதான். என் இடது கண்ணு மஞ்சளாக் காட்டுது. எப்ப இருந்துன்னு தெரியல."

ஒருவரும் கேட்கவில்லை, மூன்று நத்தைக்காக யாரும் ஒன்றும் சொல்லியிருக்கவும் மாட்டார்கள். கண் டாக்டர் புரை தொடங்கியிருக்கிறது என்றார், ஆபரேஷன் செய்தால் சரியாகிவிடும், பயமில்லை என்றார். சகலைக்கு இருந்த பயம் வேறு. பேராசிரியரிடம் போய், கடைசி மழைக்காலத்தில் தான் பார்த்த தொள்ளாயிரம் நத்தையை வேறு யாராவது ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். எல்லாமே குறித்து வைத்த புதர்களிலும் கற்களிலும் தூங்கிக்கொண்டுதான் இருந்தன.

"வேற யார் இருக்கா உங்க மாதிரி?" என்றார் பேராசிரியர்.

"எங்க வீட்டுல ஒருத்தி இருக்கா. நூல் கடையில இருபது கட்டு நூலை வெளியில எடுத்து வெயில்ல பார்த்துட்டு, ஒண்ணும் சரியில்லன்னு வெறுங்கையோட திரும்பி வர்ற ஆள்."

கொழுந்தியாள் முதலில் வரவே மாட்டேன் என்றாள். போய்ப் பார்த்தபின் அவளை ஜீப்பில் ஏற்றுவதுதான் கஷ்டமாகிவிட்டது. சாம்பல் அட்டையைக் கண்ணில் வைத்துக்கொண்டு, தகர வளையத்தைக் குலுக்கிக் குலுக்கி, ஊசி கவ்விய வாயோடு பேசுவது போலவே எண் சொன்னாள். சகலை ஆபரேஷன் முடிந்த கண்ணில் கட்டோடு ஜீப் நிழலில் உட்கார்ந்து அவள் சொல்லச் சொல்ல எழுதினார். தொள்ளாயிரத்தில் நாற்பத்திரண்டு மாறின. மாறியவை எல்லாம் வெள்ளைக்கும் அடுத்த தகரத்துக்கும் நடுவில்தான். முடிவு அசையவில்லை.

"நாற்பத்திரண்டு தப்பு" என்றாள், ஜீப்பில் ஏறும்போது. "எனக்கு நீங்க வாங்கிட்டு வந்த நூலெல்லாம் ஏன் அப்படி இருந்துச்சுன்னு இப்ப புரியுது."

சில மாதம் கழித்துக் கட்டுரை வந்தது. அவர்கள் இருவர் பெயரும் பேராசிரியர் பெயருக்கு அடுத்தபடியாக இருந்தன. தகரம் வெட்டிய நானும் கடைசி வரியில் நன்றி வாங்கிக்கொண்டேன்.

அதற்கு முன்பே, கண் கட்டைப் பிரித்த நான்காம் நாள், சகலை பட்டறைக்கு வந்து வாசலில் நின்றார். எதிர்ப்பட்டறையில் ஒரு வெள்ளை வண்டி நின்றது. போன வருஷம் நாங்கள் கதவு மாற்றிக் கொடுத்தது. கொஞ்ச நேரம் பார்த்தார். "அந்தக் கதவு வேற வெள்ளை சகலை" என்றார். பழைய நோட்டை எடுத்து, புரை விழுந்த காலத்தில் அடித்த வெள்ளை வண்டிகளைத் தேடினார். நான்கு இருந்தன. நான்கு பேருக்கும் போன் போட்டார்.

மூன்று பேர் உடனே கொண்டுவந்தார்கள். நான்காவது ஆள் பழம் ஏற்றும் வேன்காரர். "எனக்கு ஒண்ணும் வித்தியாசம் தெரியலையே பெயின்டரே. எதுக்கு வீணா ரெண்டு நாள் வண்டியை நிறுத்தணும்?" என்று கத்தினார்.

"உங்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியுதுங்க" என்றார் சகலை. "ஓட்டம் இல்லாத நாளாப் பார்த்துக் கொண்டாங்க. காசு வேண்டாம்."

வேன் வந்தது. கதவு ரப்பரை இரண்டாம் முறையாக நான் கழற்றினேன், முணுமுணுத்துக்கொண்டே. அவர் குச்சியைத் தகரத்தில் தடவி எடுத்துக்கொண்டு வெயிலுக்குப் போயிருந்தார்.